சின்னப்பொண்ணை நான் எவால்வ் ஆக விடவே இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல பசங்களும் வீடியோ கேமும்னு வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். கண்ணு கெடுது, தூக்கம் கெடுது, கூப்பிட்டா காதுல விழறதில்ல, இதெல்லாம் நூத்துக்கு நூறு சரி, நானும் ஒரு அம்மாதான், எங்க வீட்லயும் ஒரு மணி நேரத்துக்கு மேல கிடையாதுன்னு ரூல் போட்டுத்தான் வச்சிருக்கேன். ஆனா கேம் ஆடற புள்ள பட்டன அமுக்கறதத் தவிர வேற ஒண்ணும் பண்றதில்ல, கேம் சொல்றத அது செய்யுது அவ்ளோதான்னு ஒரு இடத்துல எழுதியிருந்தாங்க பாருங்க, அது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்ல. ரெண்டு நாளா அதே யோசனையா இருந்துச்சு, அதான் எழுத உக்காந்துட்டேன். நீளமா போயிருச்சுன்னா மன்னிச்சுக்கோங்க.

நான் ஆறாங்கிளாஸ் படிக்கறப்ப, 2001ல, சிங்கப்பூர்ல வேலை பாத்த எங்க சித்தப்பா லீவுக்கு வந்தப்ப கேம் பாய் கலர்னு கையில வச்சு ஆடற ஒரு வீடியோ கேம் மெஷின் வாங்கிட்டு வந்தாரு. உள்ள இருக்கற சர்க்யூட்டெல்லாம் தெரியற மாதிரி ஊதா கலர் கண்ணாடி பிளாஸ்டிக். அது கூட ஒரே ஒரு கேசட், போக்கிமான் கோல்ட். தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி சொல்லிர்றேன், 1996 பிப்ரவரி 27ஆம் தேதி ஜப்பான்ல முதல் போக்கிமான் கேம் வந்துச்சு, காட்டுல மேட்டுல சுத்தி விதவிதமான பிராணிங்களப் புடிச்சு, கூட ஆறு பேர மட்டும் கூட்டிட்டுப் போயி, பழக்கி வளக்கணும், மத்த ஆளுங்களோட பிராணிங்ககூட போட்டி போடணும். முதல் கேம்ல 151, எங்கிட்ட இருந்த கோல்ட்ல 251. இதுதான் கேம் கேக்கறது. நான் இந்த லெட்டர்ல சொல்லப்போறது கேம் கேக்காம நாங்களா பண்ணினது.

முதல் விஷயம் பேரு வைக்கறது. ஆரம்பத்துல மூணு பிராணில ஒண்ண எடுத்துக்கச் சொல்வாங்க, நான் சிண்டாகுவில் எடுத்தேன். கண்ண மூடிக்கிட்டு, மூக்க நீட்டிக்கிட்டு, கைப்பிடி அளவுல இருக்கும், முதுகுல மட்டும் நெருப்பு. பேரு வைக்கறியான்னு கேக்கும், வேண்டாம்னும் சொல்லலாம், பேரு வச்சா சண்டையில ஒரு பலமும் கூடாது, ஒண்ணுமே மாறாது. எங்க அப்பாயி பக்கத்துல உக்காந்து முருங்கக்கீரை ஆஞ்சுட்டு இருந்தாங்க, என்னடி அது எலிக்குஞ்சா முள்ளம்பன்னியான்னு கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாத்தாங்க, பாத்துட்டு "பாவம், சின்னப்பொண்ணு மாதிரி இருக்கு"ன்னாங்க. அதுவே பேரு ஆயிருச்சு. ஆனா கேம்ல இங்கிலீஷ் எழுத்துதான், அதுவும் பத்து எழுத்துக்கு மேல போகாது, சின்னப்பொண்ணுக்கு பதினொண்ணு வரும், எண்ணிப் பாருங்க. எதைக் குறைக்கறதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சு, "சின்ன"வுல இருக்கற ரெண்டு "என்"ல ஒண்ண எடுத்துட்டேன். படிச்சா சினபொண்ணுன்னு வரும், அது எனக்கு அப்ப பெரிய மனக்குறை.

அதுக்கப்புறம் புடிச்ச ஒண்ண கூட பேரில்லாம விட்டதில்ல. எப்பவும் தூங்கற ஸ்னார்லாக்ஸுக்கு பெரியப்பான்னு வச்சேன், ராத்திரில மட்டும் வர்ற ஹூட்ஹூட் ஆந்தைக்கு எங்க தெரு கூர்க்காவோட பேரு, வீட்டுக்கு வர்ற பால்காரர், கணக்கு டீச்சர், எல்லாரும் உள்ள இருந்தாங்க. ஒரு தெருவையே உள்ள குடி வச்ச மாதிரி. அப்பாயி தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு கூப்பிடறப்ப, சின்னப்பொண்ணு சாப்டுச்சாடின்னு கேப்பாங்க, நானும் போக்கிமான் சென்டருக்குப் போயி நர்ஸ்கிட்ட குடுத்து எல்லாரையும் சரி பண்ணிட்டு, அந்த நர்ஸுக்கு எதிர்லயே நின்னு சேவ் பண்ணிட்டுத்தான் எழுந்துப்பேன். ஒரே ஒரு பாயிண்ட் ஒடம்பு குறைஞ்சிருந்தாக்கூட சென்டர்ல காட்டாம ஆஃப் பண்ண மாட்டேன். நடு ரோட்டுல நின்னும் சேவ் பண்ணலாம், கேம் தடுக்காது, எனக்குத்தான் மனசு வராது, ராத்திரி முழுக்க அதுங்க வெளில நிக்குமேன்னு இருக்கும்.

இப்ப அந்த எவால்வ், அதாவது பிராணி வளந்து வேற உருவமா மாறற விஷயத்துக்கு வரேன். சிண்டாகுவில் 14ஆம் லெவல் வந்தா வேற உருவமா மாறும், அப்புறம் 36ல இன்னொரு தடவ மாறி ஆளுயரத்துக்கு டைப்லோஷன்னு ஆயிரும். மாற ஆரம்பிச்சதும் ஸ்க்ரீன்ல பழைய உருவமும் புது உருவமும் மாறி மாறி மின்னும், ஒரு மியூசிக் வரும். முதல் தடவ அதப் பாத்ததும் எனக்கு பகீர்னு ஆயிருச்சு. இது போயி வேற யாரோ வந்துருவாங்கன்னு தோணுச்சு, கையில கிடைச்ச பட்டன அமுக்கினேன், அது பி பட்டன், அத அமுக்கினா மாற்றம் நின்னுரும்னு எனக்கு அப்பத் தெரியாது. நின்னுருச்சு. சின்னப்பொண்ணு அப்படியே இருந்துச்சு. அன்னிலேர்ந்து ஒவ்வொரு லெவலுக்கும் கேம் மாத்தப் பாக்கும், நான் பி அமுக்கி நிறுத்துவேன், 14லேர்ந்து 62 வரைக்கும் 49 தடவ. எவால்வ் ஆனாத்தான் பலம் வரும்னு ஸ்கூல்ல ஒரு பையன் சொன்னான், நெசந்தான், ஆனா மாறாம இருந்தா ஃப்ளேம்த்ரோவர்ங்கற நெருப்பு வித்தைய 46லயே கத்துக்கும், டைப்லோஷனா ஆயிருந்தா 60 வரைக்கும் காத்திருக்கணும். அது எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா, நான் புடிச்ச பிடிவாதத்துக்கு கேம் உள்ளயே ஒரு மரியாதை இருந்த மாதிரி.

அடுத்தது பந்து. பிராணியப் புடிக்கறதுக்கு போக்கி பால்ங்கற பந்த தூக்கிப் போட்டா அது மூணு தடவ ஆடும், ஆடி நின்னா மாட்டிக்கிச்சு, நடுவுல திறந்துக்கிட்டா தப்பிச்சிருச்சு. அது ஆடும்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கரெக்டா ஏ பட்டன அமுக்கணும், அப்பதான் மாட்டும், இது எனக்கு யாரு சொன்னாங்கன்னே ஞாபகமில்ல. சித்தப்பா பையன் சிங்கப்பூர்ல கீழ் அம்புக்குறியும் பி பட்டனும் சேத்து அழுத்திப் புடிப்பான். அப்புறம் காலேஜ்ல பாத்தா நார்த்லேர்ந்து வந்த ரூம்மேட்டுக்கும் அதே பழக்கம், ஆபீஸ்ல வந்து சேந்த ஒரு ஜப்பான் பொண்ணுக்கும் அதே பழக்கம். எப்படி இது ஊர் ஊரா, நாடு நாடா போச்சுன்னு எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான், எங்க வீட்ல அப்ப நெட்டே கிடையாது. உண்மை என்னன்னா பந்து கையவிட்டுப் போன அந்த நொடியிலயே கேம் கணக்குப் போட்டு முடிச்சிருது, எந்த ஜாதி பிராணி, எவ்ளோ உடம்பு மிச்சமிருக்கு, தூங்குதா உறைஞ்சிருக்கா, என்ன பந்து, இதெல்லாம் வச்சு ஒரு கணக்கு, அவ்ளோதான், அதுக்கப்புறம் பந்து ஆடறது நமக்காக. பாரலைஸ், அதாவது அசைய முடியாம பண்ணிட்டுப் போட்டா சுலபமா மாட்டும்னு வேற நம்பி அத்தனைக்கும் மின்சாரம் வச்சுட்டு இருந்தேன், கோல்ட் கேம்ல ப்ரோக்ராம் எழுதினதுல ஒரு பிழை, பாரலைஸுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது, இது பின்னாடிதான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் இன்னிக்கும் பந்து ஆடுனா என் கட்டைவிரல் தானா அமுக்குது. கிரிக்கெட்ல கடைசி ஓவர்ல எடத்த விட்டு எந்திரிக்காம உக்காந்திருக்கோமே, அந்த மாதிரிதான், அந்தப் பிராணி நம்மகூட வரணும்னு அவ்ளோ ஆசை, கைய சும்மா வச்சுட்டு இருக்க முடியல.

மாஸ்டர் பால்னு ஒண்ணு உண்டு, எது மேல போட்டாலும் அது தப்பாது. போட்டில ஜெயிச்சா குடுக்கற பேட்ஜ் எட்டும் வாங்கினப்புறம் ப்ரொஃபசர் கூப்பிட்டு ஒண்ணு குடுப்பாரு. நான் அத உபயோகிக்கவே இல்ல. எங்கம்மா பரண்மேல வச்சிருக்கற பித்தள அண்டா மாதிரி அது பையில இருந்துச்சு, இருக்குங்கறதே ஒரு தைரியம்.

புடிச்சத வெளில விடறதும் எனக்கு முடியாது. கோல்ட்ல புடிச்சத போட்டு வைக்க 14 பாக்ஸ், ஒவ்வொண்ணுலயும் 20, மொத்தம் 280. பாக்ஸ் நிறைஞ்சா நாமளே போயி கேமுக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர்ல அடுத்த பாக்ஸுக்கு மாத்தணும், இல்லன்னா புடிக்கவே முடியாது. பிட்ஜி, ரட்டாட்டா மாதிரி சாதாரண பிராணி அத்தனை சேந்துரும், விட்டுட்டா இடம் மிச்சம். ஒரே ஒரு தடவ ஒரு ரட்டாட்டாவ விட்டேன், பை-ன்னு அதோட பேர சொல்லி ஒரு வரி வந்துச்சு, நான் வச்ச பேரு. ஆஃப் பண்ணிட்டு சேவ் பண்ணாம திரும்பப் போட்டு அத மீட்டுட்டேன். அவ்ளோதான், அப்புறம் யாரையும் விட்டதில்ல. 2016 டிசம்பர்ல போக்கிமான் கோங்கற போன் கேம் நம்ம நாட்டுக்கு முறைப்படி வந்துச்சு, ஜியோவோட சேந்து விட்டாங்க. அப்ப ஆளுக்கு 250 வச்சுக்கத்தான் இடம், ஒரே மாதிரி நெறய இருந்தா ப்ரொஃபசருக்கு அனுப்பினா ஒரு மிட்டாய் கிடைக்கும், அந்த மிட்டாய்தான் வளக்கறதுக்கு வேணும், கேம் ஓடறதே அதுலதான். அங்கயும் எனக்கு கை வரல.

இப்படி ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. சித்தப்பா பையனுக்கு கலர் மாறுனது வேணும். ஷைனின்னு சொல்வாங்க, அதே பிராணி வேற கலர்ல வரும், அந்தக் காலத்து கேமெல்லாம் 8192ல ஒண்ணு, 2013லேர்ந்து வந்ததுல 4096ல ஒண்ணு. அவன் ஃபயர்ரெட்ங்கற இன்னொரு போக்கிமான் கேம்ல முதல் பிராணியே ஷைனியா வேணும்னு எடுக்கறதும் பாக்கறதும் ரீசெட் பண்றதுமா ஒரு வருஷம் ஓட்டினான், நாலு கோடு போட்டு அஞ்சாவத குறுக்க போட்டு ஒரு நோட்டு நிறைய கணக்கு வச்சிருந்தான். 8192 தடவ பாத்தா கண்டிப்பா வந்துரும்னு அவன் நெனச்சிருந்தான், அப்படி இல்ல, அத்தனை தடவ பாத்தும் வராம போறதுக்கு நூத்துக்கு 37 வாய்ப்பு இருக்கு. பன்னெண்டாவதுல ப்ராபபிலிட்டி பாடம் வந்தப்ப, வாத்தியார் போர்டுல எழுதறதுக்கு முன்னாடி இது அவனுக்குப் புரிஞ்சிருச்சு, ஏன்னா அந்தக் கணக்க அவன் கையால போட்டிருந்தான். நாலாயிரத்துச் சொச்சத்துல மஞ்சள் கலர்ல சார்மாண்டர் வந்துச்சு, சிங்கப்பூர்லேர்ந்து போன் பண்ணினான், பேச்சே வரல அவனுக்கு.

காலேஜ் ரூம்மேட்டுக்கு வேற பழக்கம். நஸ்லாக்னு போக்கிமான் ஆடற ஒரு முறை, ஒரு அமெரிக்கப் பையன் 2010ல தானா ரெண்டு ரூல் போட்டுக்கிட்டு ஆடி, அத காமிக்ஸா வரைஞ்சு போட்டதுலேர்ந்து உலகம் பூரா பரவிருச்சு. சண்டையில மயங்கி விழுந்தா அது செத்துப்போனதா கணக்கு, திரும்ப சேத்துக்கக் கூடாது, ஒவ்வொரு ஊர்லயும் முதல்ல பாக்கறத மட்டும்தான் புடிக்கணும். கண்டிப்பா எல்லாத்துக்கும் பேரு வைக்கணும்கறதும் கூட சேந்துக்கிச்சு. கேம் இத கேக்கல. யாரும் பாக்கறதும் இல்ல, ஏமாத்தினா கண்டுபுடிக்க ஆளில்ல. அப்படியும் அவ ஏமாத்தமாட்டா, ஒரு தடவ ராத்திரி ரெண்டு மணிக்கு அவளோட பட்டாம்பூச்சி விழுந்துருச்சு, ஒரு மணி நேரம் மொட்டைமாடில போயி நின்னுட்டு வந்தா. இதத்தான் உங்க கட்டுரையாளர்கிட்ட கேக்கறேன், இது கேம் சொன்னத செய்யறதா?

இந்த கேம உண்டாக்குன சதோஷி தாஜிரி சின்ன வயசுல டோக்கியோ பக்கத்துல மச்சிதாங்கற ஊர்ல பூச்சி புடிச்சுக்கிட்டு அலைஞ்சவரு, ஊரு வளந்து வயலும் குட்டையும் போயி கட்டடமா ஆனப்புறம், வர்ற பிள்ளைங்களுக்கு அந்த அனுபவம் கிடைக்கணும்னுதான் இத யோசிச்சாரு. ரெண்டு கேம் பாய இணைக்கற ஒயர் வழியா ஒரு பூச்சி இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போற மாதிரி அவருக்குத் தோணுச்சாம். இத நான் படிச்சப்ப எனக்கு எங்க ஊரு பொன்வண்டுதான் ஞாபகம் வந்துச்சு. தீப்பெட்டியில போட்டு கொடுக்காப்புளி இலைய வச்சு, முட்டை போட்டுச்சான்னு பாடத்துக்கு நடுவுல பெட்டிய லேசா திறந்து பாக்கறது. பேரு வைக்கணும், எலை மாத்தணும்னு எங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அந்தக் கைதான் இங்கயும்.

ஒயர் பத்தி சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. ஹாண்டர்னு ஒரு பேய் இருக்கும், அத இன்னொருத்தருக்கு மாத்திக் குடுத்தாத்தான் கெங்காரா மாறும். எங்க ஊர்ல வேற யார்கிட்டயும் கேம் பாய் கிடையாது. என் ஹாண்டர் கடைசி வரைக்கும் ஹாண்டராவே இருந்துச்சு. என்கிட்ட இருந்த பெரிய குறை அதுதான், வேற யாரோ ஒருத்தர் வேணும்கற குறை. இந்த கேம தனியா ஆடிப் பாத்தவங்களுக்குத்தான் அது புரியும்.

இங்கிலீஷும் அதுலதான் கத்துக்கிட்டேன். தமிழ் மீடியத்துல படிச்சவ நான், கேம்ல ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் போயி எல்லார்கிட்டயும் பேசாம, எல்லா போர்டையும் படிக்காம அடுத்த ஊருக்குப் போக மாட்டேன், மடியில லிஃப்கோ டிக்‌ஷனரி இருக்கும். கேம் பாய் கலருக்கு ஸ்க்ரீன்ல வெளிச்சம் கிடையாது, கரண்ட் போனா வாசல்ல தெரு விளக்கும் இருக்காது, அப்பாயி மெழுகுவத்திய என் தோளுக்குப் பின்னாடி புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ரெண்டு பென்சில் பேட்டரி, சிவப்பு லைட் மங்கினா உடனே சேவ்.

இப்ப அந்த கேசட்டுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லணும், இத படிக்கற என் வயசுக்காரங்களுக்காகவும்தான். அப்பாயி 2008ல போயிட்டாங்க. அடுத்த வருஷம், இந்த மாதிரி பழைய கேசட்டுல உள்ள இருக்கற பேட்டரி தீந்தா சேவ் எல்லாம் போயிரும்னு கேள்விப்பட்டு, ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். உள்ள இருக்கறது போகக்கூடாதுண்ணேன்னு ரெண்டு தடவ சொன்னேன். சாயங்காலம் போனா, புது பேட்டரி போட்டாச்சும்மா, இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையில்லன்னு சந்தோஷமா குடுத்தாரு. பஸ்ல உக்காந்து போட்டுப் பாத்தேன். முதல் ஸ்க்ரீன்ல கன்டின்யூங்கற வரி இல்ல. புதுசா ஆரம்பிங்கற வரிதான் இருந்துச்சு. அவரு கெட்டவரில்ல, அவருக்கு அது ஒரு பொம்ம, ஓடணும் அவ்ளோதான், உள்ள ஒரு தெரு இருந்துச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும். ஆனா எனக்கு அப்பாயி கூப்பிட்ட பேரு அங்கதான் இருந்துச்சு, நான் இறங்க வேண்டிய ஸ்டாப்ப தாண்டிப் போயிட்டேன்.

அதனால பழைய போக்கிமான் ரெட், ப்ளூ, யெல்லோ, கோல்ட், சில்வர் கேசட் யாராவது பீரோவுல வச்சிருந்தா தயவுசெஞ்சு கவனிங்க. சேவ் பண்ணினது உள்ள ஒரு வட்ட பேட்டரியோட தயவுலதான் உயிரோட இருக்கு, சால்டர் பண்ணி வச்சிருப்பாங்க, அத எடுத்த நிமிஷம் எல்லாம் போச்சு. கோல்டும் சில்வரும் இன்னும் சீக்கிரம் தீரும், ஏன்னா பகல் ராத்திரி பாக்கற கடிகாரமும் அதே பேட்டரியிலதான் ஓடுது. கேசட்ட கம்ப்யூட்டரோட இணைக்கற கருவி வருது, முதல்ல அதுல சேவ காப்பி எடுத்து வச்சுட்டு, அப்புறம் பேட்டரி மாத்தி, திரும்ப உள்ள ஏத்தணும். அதுக்கு அடுத்து வந்த ரூபி, சஃபையர் கேம் வச்சிருக்கவங்க பேட்டரி தீந்துச்சுன்னு கேம் சொன்னா பயப்படாதீங்க, அதுல கடிகாரம் மட்டும்தான் நிக்கும், நீங்க வளத்ததெல்லாம் பத்திரமா இருக்கும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ இதப் பத்தி எழுதும்போது டாக்டர்கிட்ட கேளுங்க, டீச்சர்கிட்ட கேளுங்க, அதோட ரெண்டு பசங்ககிட்டயும் கேளுங்க. எத்தனை மணி நேரம் ஆடறேன்னு கேக்கறத கொஞ்சம் தள்ளி வச்சுட்டு, எதுக்கு என்ன பேரு வச்சிருக்கேன்னு கேளுங்க. எதை வெளில விட மனசு வரலன்னு கேளுங்க. இணைப்புல அரைப்பக்கம் ஒதுக்கி அவங்களையே எழுதச் சொன்னா நான் முதல் ஆளா படிப்பேன்.

எம் பொண்ணுக்கு இப்ப ஒம்பது வயசு. போன மாசம் ஸ்விட்ச்ங்கற கேம் மெஷின்ல லெஜெண்ட்ஸ் ஆர்சியஸ்னு ஒரு போக்கிமான் கேம் ஆரம்பிச்சா, 2022ல வந்தது, அதுலயும் மூணுல ஒண்ணு எடுக்கணும், அவளா பாத்து சிண்டாகுவில எடுத்தா, நான் வாயே திறக்கல. பேரு என்னம்மா வைக்கலாம்னு கேட்டா, சொன்னேன். இப்பல்லாம் 12 எழுத்து வரைக்கும் வைக்கலாம், ரெண்டு "என்"னும் போட்டு முழுசா அடிச்சா. அந்த கேம்ல லெவல் வந்ததும் தானா மாறாது, நாமளா போயி மாத்துனாத்தான் மாறும், பி பட்டன அமுக்க வேண்டிய வேலையே இல்ல. மாத்தலாம்னு கேம் சொல்லி பத்து நாளாச்சு. அவ இன்னும் மாத்தல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.